பெடல் நல்லாத்தான் இருக்கு, பிரேக்தான் பிடிக்கலை

பிரேக் ரிப்பேரைப் பற்றி பேங்க்காரன் என்ன எழுதப் போகிறான் என்று நினைப்பீர்கள். நியாயம்தான். நான் படித்தது பி.காம். பாஸ்கல் விதியெல்லாம் பள்ளிக்கூடத்தோடு விடைபெற்றுப் போய்விட்டது. ஆனால் இருபது வருஷ பேங்க் வேலையில் ஒன்று பழகியிருக்கிறது. கணக்கு எங்கே இடிக்கிறதோ அங்கே தப்பு இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பல நேரம் அது வேறெங்கோ உட்கார்ந்திருக்கும். இடிக்கிற இடத்திலிருந்து பின்னோக்கித் தேடிக்கொண்டே போகணும். ஒரு பழைய பிக்கப் வண்டியின் பிரேக்கும் இதே பாடத்தைத்தான் எடுத்தது. கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் இடம். இப்போது நான் இருப்பது இமாச்சலப் பிரதேசத்தில், நார்கண்டா பக்கம். கடல் மட்டத்திலிருந்து சுமார் 2700 மீட்டர். 1916-ல் சாமுவேல் ஸ்டோக்ஸ் என்ற அமெரிக்கர் பக்கத்துக் கோட்கட் மலையில் அமெரிக்க ஆப்பிள் செடிகளைக் கொண்டுவந்து நட்டார். அதிலிருந்து இந்த ஊர்க்காரர்கள் வாழ்க்கையே ஆப்பிளைச் சுற்றித்தான். ஜூலை முதல் அக்டோபர் வரை பெட்டி பெட்டியாக மண்டிக்குப் போகும். மற்ற மாதங்களில் சிமெண்ட், கம்பி, ரேஷன் என்று வண்டிகள் எதையாவது ஏற்றிக்கொண்டு இறங்கிக்கொண்டே இருக்கும்.

இறங்கிக்கொண்டே என்பதை அழுத்திப் படிக்கவும். நார்கண்டாவிலிருந்து ராம்பூர் சுமார் 65 கிலோமீட்டர். ராம்பூர் உயரம் ஆயிரம் மீட்டர் சொச்சம். ஆக 1700 மீட்டர் இறக்கம். அதில் பெரும்பகுதி சட்லெஜ் ஆற்றங்கரையைத் தொடுவதற்குள்ளேயே முடிந்துவிடும். நம்ம ஊர்க்காரர்களுக்குச் சொல்வதென்றால், ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த 36 கொண்டை ஊசி வளைவுகளில் வரும் கலக்கம் இங்கே தினசரி வேலை.

எங்கள் வீட்டு ஓனரிடம் ஒரு 2011 மாடல் பிக்கப் இருக்கிறது. கம்பெனி பெயர் வேண்டாம், இந்தக் கதையில் கம்பெனி மேல் தப்பில்லை. முன்னால் டிஸ்க் பிரேக், பின்னால் டிரம் பிரேக். ஆர்.சி. புத்தகப்படி ஒரு டன் சொச்சம் ஏற்றலாம். ஓனரின் மகன்தான் ஓட்டுகிறான். 23 வயசு, நிதானமான பையன். என்னை அங்கிள் என்பான்.

வண்டியின் வியாதி இதுதான். காலியாக ஓட்டினால் பிரேக் அருமை. சமதளத்தில் அருமை. லோடு ஏற்றிக்கொண்டு பெரிய இறக்கத்தில் பாதி தூரம் போனதும் முன் சக்கரத்திலிருந்து தீய்ந்த வாடை வரும். அப்புறம் பெடல் மெதுமெதுவாகக் கீழே போக ஆரம்பிக்கும். அரை மணி நேரம் நிறுத்தி வைத்தால் பழையபடி ஆகிவிடும். மறுநாள் காலையில் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனால் மெக்கானிக் அமுக்கிப் பார்த்துவிட்டு, "பெடல் நல்லாத்தானே இருக்கு?" என்பார். டாக்டரிடம் போனதும் காய்ச்சல் இறங்கிவிடும் குழந்தை மாதிரி.

ஒன்றரை வருஷத்தில் மூன்று ரிப்பேர். முதல் ஒர்க்‌ஷாப்பில் முன்னால் பிரேக் பேட் மாற்றினார்கள். இரண்டாவதில் டிஸ்க்கை லேத்தில் கொடுத்துக் கடைந்து, காலிப்பருக்குப் புது ரப்பர் கிட் போட்டார்கள். மூன்றாவதில் மாஸ்டர் சிலிண்டரையே மாற்றினார்கள். ஒவ்வொரு தடவையும் சில வாரம் நன்றாக இருக்கும், பிறகு அதே வாடை. நடுவில் எஃப்.சி.யும் எடுத்தாயிற்று. எட்டு வருஷம் தாண்டிய சரக்கு வண்டிக்கு வருஷா வருஷம் தகுதிச் சான்று வாங்க வேண்டும். காலி வண்டியைச் சமதளத்தில் நிறுத்திக் காட்டினால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

ஒரு ஜூலை மாத மழை நாள் சாயங்காலம் பையன் மாடிக்கு வந்தான். முகம் சரியில்லை. சிமெண்ட் ஏற்றிக்கொண்டு இறங்கும்போது பெடல் தரையைத் தொட்டுவிட்டதாம். வண்டியில் கூலிக்கு வந்த இரண்டு பேர் வேறு. திரும்பத் திரும்ப மிதித்து, மூன்றாவது கியரிலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து ஒன்று என்று இறக்கி, ஹேண்ட் பிரேக்கை விட்டு விட்டு இழுத்து, கடைசியில் மலைப் பக்கத்துச் சாக்கடையில் சக்கரத்தை இறக்கி, பாறையில் உரசி நிறுத்தியிருக்கிறான். இன்னொரு பக்கம் என்ன இருக்கும் என்று மலைப்பாதையில் போனவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. யாருக்கும் அடியில்லை.

"மம்மிகிட்ட சொல்லாதீங்க அங்கிள். ஏற்கெனவே நான் போன் பண்ற வரைக்கும் அவங்க தூங்கறதில்லை."

அம்மாவிடம் சொல்லவில்லை. அப்பாவிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "மூணு பேருக்குப் பணம் கொடுத்தாச்சு மேனேஜர் சாப். இன்னும் என்னதான் மாத்தறது?" என்றார். அவர் கேட்ட கேள்வியிலேயே விஷயம் இருந்தது. மூன்று பேரும் மாற்றினார்கள், யாரும் தேடவில்லை.

ராம்பூரில் வயசான மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். எல்லாரும் உஸ்தாத் என்பார்கள். போனில் விவரம் சொன்னோம். அவர் சொன்ன முதல் வார்த்தை: "அந்த வண்டியை இங்கே ஓட்டிக்கிட்டு வராதீங்க. நான் பஸ்ஸில் வர்றேன்." அதைக் கேட்டதுமே எனக்கு அவர் மேல் நம்பிக்கை வந்துவிட்டது. இரண்டாவது சனிக்கிழமை, பேங்க் லீவு. ஒரு துணிப்பை நிறைய ஸ்பேனரோடு வந்து இறங்கினார்.

வந்தவர் வண்டியைத் தொடவில்லை. டீயைக் குடித்துக்கொண்டே பையனிடம் கேள்வி மேல் கேள்வி. பெடல் எப்படி இறங்குகிறது? கல்லு மாதிரி இருக்கா, பஞ்சு மாதிரி இருக்கா? இரண்டு தடவை மிதித்தால் மேலே வருதா? வண்டி ஒரு பக்கம் இழுக்குதா? காலை எடுத்த பிறகும் சக்கரம் பிடிச்சிருக்கா? பிரேக்குக்கு வாய் கிடையாது, பெடல்தான் அதன் வாய் என்றார். அன்று அவர் சொன்னதை நோட்டில் எழுதிக்கொண்டேன். யாருக்காவது உதவும் என்பதால் அப்படியே தருகிறேன்.

1. பெடல் பஞ்சு மாதிரி அமுங்கினால் லைனில் காற்று. ஆயிலை அமுக்கிச் சுருக்க முடியாது, காற்றைச் சுருக்கலாம். மிதிக்கிற மிதியெல்லாம் காற்றைச் சுருக்கவே செலவாகிவிடும்.

2. வண்டியை நிறுத்தி, பெடலை ஒரே அழுத்தத்தில் மிதித்துப் பிடித்திருக்கும்போது அது மெல்ல மெல்லக் கீழே இறங்குகிறது, வெளியே எங்கும் ஒழுகலும் இல்லை என்றால், மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் தேய்ந்து ஆயில் உள்ளுக்குள்ளேயே நழுவுகிறது.

3. முதல் மிதியில் பெடல் கீழே போய், இரண்டாவது மிதியில் மேலே வந்தால் பின் பிரேக் ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி அதிகம். அட்ஜஸ்ட் செய்ய வேண்டும். அப்படியும் சரியாகவில்லையென்றால் காற்றைத் தேட வேண்டும்.

4. பெடல் கல்லு மாதிரி இருந்து வண்டி நிற்காவிட்டால் பூஸ்டர் அல்லது வாக்யூம் பம்ப். இதை வீட்டிலேயே பார்க்கலாம். இன்ஜினை அணைத்து ஐந்தாறு தடவை பெடலை மிதித்து, மிதித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் கொஞ்சம் கீழே இறங்கினால் பூஸ்டர் உயிரோடு இருக்கிறது.

5. காலை எடுத்த பிறகும் ஒரு சக்கரம் விடாமல் பிடித்திருந்தால், அந்தச் சக்கரத்து ரப்பர் ஹோஸ் உள்ளுக்குள் ஊதி அடைத்திருக்கலாம். வெளியே பார்க்கப் புதுசு மாதிரியே இருக்கும். நிப்பிளைத் திறந்ததும் சக்கரம் விடுபட்டால் அழுத்தம் உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். திறந்தும் விடவில்லையென்றால் காலிப்பர் இறுகிப்போயிருக்கிறது.

6. பின் டிரம்முக்குள் ஈரம் இருந்தால் அது பிரேக் ஆயிலா, ஆக்ஸில் சீல் வழியாக வந்த கியர் ஆயிலா என்று பார்க்க வேண்டும். தண்ணீர் விட்டுத் தேய்த்தால் பிரேக் ஆயில் கரைந்துவிடும். கியர் ஆயில் கரையாது, கந்தக வாடையும் அடிக்கும்.

7. இறக்கத்தில் மட்டும் வரும் கோளாறு இரண்டு விதம். பெடல் உறுதியாக இருந்து வண்டி மட்டும் வழுக்கிக்கொண்டே போனால் பேட் சூடேறித் தன் பிடியை இழந்திருக்கிறது. பெடலே தரைக்குப் போனால் ஆயில் கொதித்திருக்கிறது. கொதித்தால் ஆவி, ஆவி என்றால் காற்றுக்குச் சமம். பிறகு நம்பர் ஒன்று மாதிரிதான்.

நம்ம வண்டியின் கேஸ் ஏழில் இரண்டாவது விதம். ஆறினதும் ஆவி திரும்ப ஆயிலாகிவிடும். அதனால்தான் மறுநாள் காலையில் ஒன்றும் தெரியவில்லை.

இங்கே கொஞ்சம் கணக்கு. (பி.காம். சும்மா விடுமா? :-)) வண்டியும் லோடுமாக மூன்று டன் என்று வைத்துக்கொள்வோம். அது 1700 மீட்டர் கீழே இறங்கினால் வெளியேற வேண்டிய சக்தி ஏறக்குறைய 14 யூனிட் கரண்ட்டுக்குச் சமம். ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டியைப் பதினாலு மணி நேரம் விடாமல் போட்டுவைத்தால் வரும் சூடு. இன்ஜினும் காற்றும் அதில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மிச்சம் எல்லாம் நான்கு சக்கரத்து பிரேக்குகளின் தலையில். டாட் 3 பிரேக் ஆயில் புதுசாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை தாங்க வேண்டும், டாட் 4 என்றால் 230 டிகிரி. ஆனால் இந்த ஆயிலுக்கு ஒரு கெட்ட பழக்கம், காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். நூற்றுக்கு நான்கு பங்கு தண்ணீர்கூட வேண்டாம், அதற்குள்ளேயே அந்தத் தாங்கும் அளவு டாட் 3-க்கு 140, டாட் 4-க்கு 155 டிகிரி வரைக்கும் இறங்கிவிடலாம். மூன்றாவது ஒர்க்‌ஷாப்பில் ஏற்கெனவே திறந்து வைத்திருந்த டப்பாவிலிருந்துதான் ஆயில் ஊற்றினார்கள் என்று பையன் சொன்னான். உஸ்தாத் தலையை மட்டும் ஆட்டினார்.

"ஆயில் ஏன் கொதிச்சதுன்னு தெரிஞ்சுபோச்சு. ஆனா பிரேக் ஏன் அவ்வளவு சூடாச்சு? அதை யாராவது கேட்டாங்களா?"

அப்புறம்தான் எழுந்தார். பத்து மூட்டை சிமெண்ட்டை ஏற்றச் சொன்னார். வீட்டுக்குப் பின்னால் லேசான சரிவுள்ள ஆளில்லாத பாதையில், முதல் கியரில், பையனோடு அவரே உட்கார்ந்து ஏழெட்டு தடவை பிரேக் போட்டு நிறுத்தி நிறுத்தி ஓட்டிவந்தார். இறங்கினதும் விரலைத் தண்ணீரில் நனைத்து முன் சக்கரத்து இரும்பில் இரண்டு சொட்டு தெறித்தார். 'சுர்' என்றது. பின் டிரம்மில் தெறித்தார். சத்தமே இல்லை. வெறும் கையை வைத்தார். வெதுவெதுப்புகூட இல்லை. (யாரும் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிப் பார்க்காதீர்கள். சூடான டிஸ்க் வளைந்துவிடும், விரிசலும் விடலாம். கை வைப்பதும் வேண்டாம், அவர் கை வேறு ரகம்.)

அடுத்து சக்கரங்களைக் கழற்றினார். முன் பேட் ஆறு மாதத்தில் பாதி தேய்ந்து கண்ணாடி மாதிரி பளபளத்தது. டிஸ்க்கில் நீலம் பாரித்திருந்தது. பின் டிரம்மைத் திறந்தால், நான்கு வருஷம் முன்னால் போட்ட லைனிங் கிட்டத்தட்டப் புதுசாக இருந்தது.

"நாலு சக்கரமும் ஒரே வண்டியிலதானே ஓடுது?" என்றார் உஸ்தாத்.

எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. எங்கள் பாஷையில் சொல்வதென்றால், கூட்டாகக் கடன் வாங்கிய நான்கு பேரில் இரண்டு பேர் தவணையே கட்டவில்லை. மற்ற இரண்டு பேர் எல்லாருக்கும் சேர்த்துக் கட்டிக் கட்டி ஓய்ந்துபோய் விழுந்திருக்கிறார்கள். ஒன்றரை வருஷமாக எல்லாரும் விழுந்தவனையே பிடித்து மருந்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கட்டாதவன் வீட்டுக் கதவை யாரும் தட்டவில்லை, ஏனென்றால் அவனிடமிருந்து ஒரு புகாரும் வரவில்லை. வாடையும் இல்லை, சூடும் இல்லை, தேய்மானமும் இல்லை.

பின் சக்கரம் ஏன் வேலை செய்யவில்லை? ஜாக்கியை சேசிஸில் வைக்கப் போன பையனைத் தடுத்து, ஆக்ஸிலுக்கு அடியில் வைக்கச் சொன்னார். முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின்னால் தூக்கி, கீழே ஸ்டாண்டும் வைத்த பிறகு என்னைப் பெடலை மிதிக்கச் சொன்னார். மிதித்தேன். பையன் பின் சக்கரத்தைக் கையால் சுற்றினான். சுற்றியது! முழு பிரேக் மிதித்திருக்கிறேன், சக்கரம் கையால் சுற்றுகிறது.

உஸ்தாத் வண்டிக்கு அடியில் படுத்து டார்ச் அடித்து என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். பின் ஆக்ஸிலுக்கு மேலே, சேசிஸில் பொருத்திய கைப்பிடி அளவு வால்வு. அதிலிருந்து ஒரு லீவர், ஒரு கம்பி, அது ஆக்ஸிலோடு சேர்ந்திருந்தது. எல்.எஸ்.பி.வி. என்று பெயர். லோடு வால்வு என்றால் போதும்.

வேலை எளிமையானது. வண்டி காலியாக இருக்கும்போது பின்பக்கம் கனமே இல்லை. அப்போது பின் சக்கரத்துக்கு முழு பிரேக் கொடுத்தால் அது பூட்டிக்கொண்டு வழுக்கும், வண்டியின் வால் சுற்றும். அதனால் இந்த வால்வு பின்னால் போகும் அழுத்தத்தைக் குறைத்துக் கொடுக்கும். லோடு ஏற்றினால் மொத்த எடையில் பாதிக்கு மேல் பின் ஆக்ஸிலில் வந்து உட்காரும். வண்டியின் உடம்பு தாழும், சேசிஸுக்கும் ஆக்ஸிலுக்கும் இடைவெளி குறையும், லீவர் மேலே போகும், வால்வு திறந்து பின் சக்கரத்துக்கும் முழு அழுத்தம் கிடைக்கும். கம்ப்யூட்டர் கிடையாது, சென்சார் கிடையாது. வண்டி எவ்வளவு தாழ்ந்தது என்பதுதான் அதற்குத் தெரிந்த ஒரே எடைக் கணக்கு.

இந்த வண்டியில் இரண்டு கோளாறு. ஒன்று, லீவரின் அச்சு துருப்பிடித்து, காலி வண்டி நிலையிலேயே இறுகிப்போயிருந்தது. மழை, பனி, சேறு, யாரும் அதைத் தொட்டதே இல்லை. இரண்டு, ஸ்பிரிங் பட்டை. நான்கு வருஷம் முன்னால், அதிக லோடு தாங்கட்டும் என்று பின்னால் பக்கத்துக்கு இரண்டு பட்டை கூடுதலாகப் போட்டிருக்கிறார்கள். மலைக்கு மட்டும் இல்லை, நாடு முழுக்க இருக்கும் பழக்கம்தான். பட்டை கூடினால் வண்டி தாழாது. தாழாவிட்டால் வால்வைப் பொறுத்தவரை அது எப்போதும் காலி வண்டி. ஒன்றரை டன் ஏற்றினாலும் காலி வண்டிக்கான பிரேக்தான் பின்னால் போகும். துருவை நீக்கினாலும் பட்டை அதை ஏமாற்றிக்கொண்டேதான் இருக்கும்.

காலி வண்டியில் பிரேக் அருமையாக இருந்ததும், எஃப்.சி.யில் தேறியதும் ஏன் என்று இப்போது புரிகிறதா? காலி வண்டிக்கு அந்த வால்வு சரியான இடத்தில்தான் இருந்தது.

உஸ்தாத் துரு எண்ணெய் விட்டு, தட்டித் தட்டி லீவரைக் கொஞ்சம் அசைத்து, ஸ்பேனரால் மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு "இப்ப மிதிங்க மேனேஜர் சாப்" என்றார். மிதித்தேன். பையன் சுற்றிப் பார்த்தான். சக்கரம் சிலை மாதிரி நின்றுவிட்டது. ஒன்றரை வருஷத்து மர்மம் அந்த ஒரு மிதியில் முடிந்தது.

ஓனர் உடனே கேட்டார்: "அப்ப அந்த வால்வைத் தூக்கிட்டு நேரா பைப் போட்டுடலாமே?" பலர் அப்படித்தான் செய்கிறார்கள். உஸ்தாத் மறுத்துவிட்டார். நேர் பைப் போட்டால் லோடில் நன்றாக இருக்கும். காலியாகத் திரும்பி வரும்போது ஈர ரோட்டில் கொஞ்சம் அழுத்தி மிதித்தாலே பின் சக்கரம் முதலில் பூட்டிக்கொள்ளும். நார்கண்டாவில் பனிக்காலத்தில் ரோட்டில் பனி உறைந்து கிடக்கும். அங்கே வால் சுற்றினால் என்னவாகும் என்று அவர் விளக்கவில்லை, பள்ளத்துப் பக்கம் கையை மட்டும் காட்டினார். புது வால்வு, கூடுதல் பட்டையைக் கழற்றுவது, இந்த இரண்டும் செய்தால்தான் கை வைப்பேன் என்றார்.

பட்டையைக் கழற்றுவதில்தான் தகராறு. "சீசனுக்கு இன்னும் ஒரு மாசம்கூட இல்லை. பட்டை இல்லாம இருபது பெட்டி குறைச்சு ஏத்தினா டீசலுக்குக் கட்டுமா?" என்பது ஓனர் வாதம். அவரைக் குறை சொல்ல முடியாது, அவர் வயிற்றுப்பாடு. நான் பேப்பரை எடுத்து உட்கார்ந்தேன், எனக்குத் தெரிந்த வித்தை அதுதானே. இருபது பெட்டியில் ஒரு ட்ரிப்புக்குக் கிடைக்கும் கூடுதல் வாடகை ஒரு பக்கம். இன்னொரு பக்கம், ஒன்றரை வருஷத்தில் மூன்று ரிப்பேர், மூன்று செட் பேட், வண்டி நின்ற நாட்கள். 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டப்படி அதிக லோடுக்கு அபராதம் 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேலே 2,000. தவிர, 2024 சீசனிலிருந்து இமாச்சலில் யுனிவர்சல் கார்ட்டன் கட்டாயமாகிவிட்டது. பெட்டிக்கு சுமார் 20 கிலோதான். முன்னெல்லாம் 30 கிலோ வரைகூட அடைப்பார்கள். ஆக, பெட்டி எண்ணிக்கையில் அவர் பயந்த அளவு குறையாது. இதையெல்லாம் கூட்டிக் கழித்துக் காட்டினேன்.

அவர் அரைமனதாகத்தான் இருந்தார். முடிவு செய்தது நானில்லை, பையன். அப்பாவிடம் எதிர்த்துப் பேசாதவன், "பட்டை இருந்தா நான் ஓட்ட மாட்டேன் பப்பா" என்றான். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. வாசலில் அவன் அம்மா நின்றுகொண்டிருந்தார். பாறையில் உரசிய கதை அப்போதுதான் அவருக்கு முழுசாகத் தெரிந்தது. அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. ஓனர் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "கழட்டுங்க உஸ்தாத்" என்றார்.

வால்வு சண்டிகரிலிருந்து வர நான்கு நாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை உஸ்தாத் மறுபடி வந்தார். கூடுதல் பட்டைகள் இறங்கின. புது வால்வு ஏறியது, லீவரின் கம்பி நீளத்தை மேனுவலில் உள்ள அளவுக்கு வைத்தார். முன் பேட் புதுசு. நீலம் பாரித்த டிஸ்க்கை அளந்து பார்த்து, குறைந்தபட்ச கனத்துக்குக் கீழே போய்விட்டதால் அதையும் மாற்றினார். பின் வீல் சிலிண்டர்களைத் திறந்து ரப்பர் மாற்றினார். வேலை செய்யாமல் கிடந்த சிலிண்டர் திடீரென்று முழு அழுத்தம் வாங்கினால் ஒழுக ஆரம்பிக்கும் என்றார். மூன்று ரப்பர் ஹோஸும் புதுசு.

பிறகு பழைய ஆயிலை முழுக்க வெளியேற்றி, சீல் உடைக்காத டாட் 4. காற்றெடுக்கும் வேலையில் நான்தான் பெடல் ஆபரேட்டர். "அமுக்குங்க... பிடிங்க... விடுங்க." நிப்பிளைத் திறக்கும்போது பெடல் மேலே வரக்கூடாது, அவர் மூடின பிறகுதான் காலை எடுக்கணும், இல்லாவிட்டால் வெளியே போன காற்று திரும்ப உள்ளே வரும். மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தூரமான சக்கரம் முதலில்: இடது பின், வலது பின், இடது முன், வலது முன். லோடு வால்வு உள்ள வண்டியில் பின் ஆக்ஸில் அந்தரத்தில் தொங்கக்கூடாது, தொங்கினால் வால்வு பாதி மூடியிருக்கும், காற்று சரியாக வெளியே வராது. முதலில் வந்தது டீ நிறத்தில் இருந்தது, கடைசியில் தெளிந்த தேன் நிறம். மறுநாள் பேங்கில் படி ஏறும்போது வலது தொடை எனக்குத் தனியாக ஒரு ரிப்போர்ட் கொடுத்தது. :-)

ஒரு எச்சரிக்கை. பிரேக் ஆயில் குறைந்தால் கையில் கிடைத்த இன்ஜின் ஆயிலையோ ஸ்டியரிங் ஆயிலையோ ஊற்றாதீர்கள். பிரேக்குக்குள் இருக்கும் ரப்பர்கள் மினரல் ஆயில் பட்டால் ஊதிப்போகும், மொத்த சிஸ்டமும் போய்விடும். டப்பா மூடியில் என்ன டாட் என்று எழுதியிருக்கும், அதைப் பாருங்கள்.

சோதனை ஓட்டமும் படிப்படியாகத்தான். முதலில் காலியாக சமதளம். பிறகு அரை லோடில் அதே பின்பாதை. அதே இரண்டு சொட்டு தண்ணீர். முன்னால் இந்தத் தடவை 'சுர்' சத்தம் குறைவு, பின்னாலும் லேசாகக் கேட்டது. உஸ்தாத் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். செலவு மொத்தமும் முந்தைய மூன்று ரிப்பேரின் கூட்டுத்தொகையில் பாதிதான் வந்தது.

போகும்போது பையனுக்கு அவர் சொன்னவை: ஏறுவதற்கு எந்த கியர் வேண்டுமோ அதே கியரில் இறங்கு. பிரேக்கில் காலை வைத்துத் தேய்த்துக்கொண்டே போகாதே, கொஞ்சம் அழுத்தமாக மிதித்து வேகத்தைக் குறை, பிறகு முழுசாக விடு, அதற்கு மூச்சு வரட்டும். டீசல் மிச்சம் பிடிக்கிறேன் என்று இறக்கத்தில் நியூட்ரலில் போடாதே. இன்ஜினை அணைக்கவே அணைக்காதே. டீசல் வண்டியில் பூஸ்டருக்கு வாக்யூம் கொடுப்பது இன்ஜினோடு சுற்றும் பம்ப், இன்ஜின் நின்றால் இரண்டு மூன்று மிதிதான் லேசாக இருக்கும், அப்புறம் பெடல் கல்லு. வாடை வந்தால் அகலமான இடத்தில் நிறுத்தி டீ குடி, சக்கரமும் ஆறும், நீயும் ஆறுவாய். ஹேண்ட் பிரேக் கேபிளை மாதம் ஒரு தடவை பார், ஆயில் கைவிட்டாலும் கேபிள் கைவிடாது.

இப்போது வண்டி பழையபடி ஓடுகிறது. சீசனில் ட்ரிப்புக்குக் கொஞ்சம் பெட்டி குறைவுதான், ஆனால் நின்ற நாள் ஒன்றுகூட இல்லை. ஓனர் கணக்கு நோட்டில் இரண்டையும் அவரே எழுதி வைத்திருக்கிறார். கழற்றிய பட்டைகள் கொட்டகையில் கிடக்கின்றன. விற்கவும் இல்லை, திரும்பப் போடவும் இல்லை.

உங்கள் வீட்டிலோ கடையிலோ பழைய பிக்கப் இருந்து, அதற்கு யாராவது கூடுதல் பட்டை போட்டிருந்தால், அடுத்த தடவை சர்வீஸுக்கு விடும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "பின்னாடி லோடு வால்வு வேலை செய்யுதா?" மெக்கானிக் முழித்தால் வேறு மெக்கானிக்கைப் பாருங்கள்.

பி.கு: பேங்கில் பழைய சரக்கு வண்டிக்குக் கடன் கேட்டு வருபவர்களின் வண்டியைப் பார்க்கப் போகும்போது நான் இப்போதெல்லாம் குனிந்து பின் ஆக்ஸிலையும் பார்க்கிறேன். "மேனேஜர் சாப் என்ன தேடறார்?" என்று கேட்கிறார்களாம். தேடட்டும், விடுங்கள்.